நீலப் படிகம் இருபத்தைந்து கிராம்

மதிய இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குள் போய்விட்டார்கள். ஆய்வகத்தில் டீச்சர் மட்டும் இருந்தாள். மறுநாள் செய்முறை வகுப்புக்குக் காப்பர் சல்பேட் கரைசல் தயாரிக்க வேண்டும். லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் இருந்தால் போதும்.

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மின்தராசில் கண்ணாடித் தட்டை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கினாள். நீலப் படிகங்களைக் கரண்டியால் அள்ளிப் போட்டாள். இருபத்திரண்டு, இருபத்துநான்கு, இன்னும் ஒரு சிட்டிகை. இருபத்தைந்து கிராம். காகிதமும் இல்லை, கணக்கும் இல்லை. வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. பத்தில் ஒரு மோல் வேண்டுமென்றால் நீலப் படிகம் இருபத்தைந்து கிராம் என்பது அவள் கைக்கே தெரியும்.

தட்டைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

முதல் பருவத் தேர்வுக்கு அவள் அமைத்த வினாத்தாளிலும் இதே எடைதான் இருந்தது. ‘25 கிராம் நீல நிறக் காப்பர் சல்பேட் படிகங்களில் எத்தனை மோல்கள் உள்ளன?’ அதற்கு அவள் எழுதி வைத்திருந்த விடை 0.157.

கிராமை மோலாக்குவது பெரிய வித்தை இல்லை. எடையை அந்தப் பொருளின் மோல் எடையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்தப் பொருள் என்று பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாத வெள்ளைக் காப்பர் சல்பேட்டின் மோல் எடை 159.5. நீலப் படிகம் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து தண்ணீர் மூலக்கூறுகள் குடியிருக்கும். அவற்றையும் சேர்த்தால் 249.5. வகுத்தால் பத்தில் ஒன்று வரும். அவள் கை அளந்தது அதைத்தான். வினாத்தாள் அமைத்த அன்றோ, புத்தகத்திலிருந்த 159.5-ஐ எடுத்து வகுத்துவிட்டாள். ‘நீல நிற’, ‘படிகங்கள்’ என்ற இரண்டு சொற்களையும் கேள்வி பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சேர்த்தவளும் அவள்தான்.

வகுப்பில் நாற்பது பேர் 0.157 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஒரே ஒரு பிள்ளை 0.1 என்று எழுதியிருந்தது. விடைத்தாளைப் பார்க்காமலே அது யார் என்று டீச்சருக்குத் தெரியும். அவள் கணவனின் அக்கா மகள். பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவு இருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணி.

ஆசிரியர் அறையில், பிள்ளைகள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த விடைத்தாள் கட்டு இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. மற்றவர்கள் வகுப்புக்குப் போயிருந்தார்கள். பட்டாணியின் தாளைத் தேடி எடுத்தாள். கேள்விக்குக் கீழே சின்னக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘நீலமாக இருப்பதால் உள்ளே தண்ணீர் உண்டு. எனவே 249.5.’ அதன் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில், ‘வாய்பாட்டை ஒழுங்காகப் பார்’ என்று டீச்சரின் கையெழுத்து. அடுத்த பகுதி, அதிலிருந்து தாமிரத்தைப் பிரிக்க எத்தனை கிராம் இரும்பு வேண்டும் என்பது. பட்டாணி 5.6 என்று எழுதியிருந்தாள். அதன் மேலும் சிவப்புக் கோடு. பத்து மதிப்பெண் கேள்விக்கு முட்டை.

பருவத் தொடக்கத்தில் ஒருநாள் அவளே வகுப்பில் செய்து காட்டியிருக்கிறாள். நீலப் படிகத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் நிறம் போய் வெளுக்கும், குழாயின் வாயில் தண்ணீர் துளித்துளியாக நிற்கும். “பாத்தீங்களா, இவ்வளவு நேரம் தண்ணி எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு!” என்று அவள் கேட்டபோது வகுப்பே வாயைப் பிளந்தது. அன்று பார்த்ததைத் தேர்வு அறை வரைக்கும் ஒரு பிள்ளை சுமந்து வந்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தவளே அதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறாள்.

அதோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. தாள் கொடுத்த அன்று பட்டாணி மேசைக்கு வந்தாள். “மிஸ், இதுல நீலம்னு போட்டிருக்கே…” என்று ஆரம்பித்தாள். மணி அடிக்கப்போகிற நேரம். டீச்சர் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“நாப்பது பேருக்கு வந்த விடை உனக்கு மட்டும் வரலன்னா, தப்பு யார்கிட்ட இருக்கும்? போய் உக்காரு.”

வகுப்பு சிரித்தது. பட்டாணி போய் உட்கார்ந்தாள்.

வேறு பிள்ளையாக இருந்திருந்தால் தாளை வாங்கிப் பார்த்திருப்பாள். வருஷ ஆரம்பத்தில் சக ஆசிரியை ஒருத்தி, “உங்க வீட்டுப் பொண்ணு உங்க கிளாஸ்லயாமே, கொடுத்து வச்சவதான்” என்று இழுத்துச் சொன்னதிலிருந்து, சொந்தக்காரி என்று ஒரு மதிப்பெண்கூட கூடிவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள். கூடிவிடக் கூடாது என்று பார்த்தவள், குறைந்துவிடக் கூடாது என்று பார்க்கவில்லை.

பட்டாணிக்கு யோசிக்க நேரம் வேண்டும். ஒரு கேள்வியில் மூழ்கினால் நாலு கேள்வியை விட்டுவிடுவாள். அந்தப் பத்து மதிப்பெண் இல்லாமல் அவள் தேறவில்லை. முதல் பருவத்தில் வேதியியலில் தேறாதவர்கள் வணிகவியல் பிரிவுக்கு மாற வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. மாறிவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை பிரிவுவாரியாகப் பெயர்கள் மேலிடத்துக்குப் போய்விட்டால், பிறகு தலைகீழாக நின்றாலும் திரும்பி வர முடியாது.

துணிக்குச் சாயம் எப்படி ஏறுகிறது, ஏன் சில சாயம் மட்டும் போகிறது என்று சின்ன வயதிலிருந்து துண்டுத் துணிகளை வாளியில் ஊறப்போட்டுப் பார்க்கிற பெண் அவள். சாயம் பற்றித்தான் படிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெண் காதில் விழும்படி, அவளுடைய அம்மாவிடம், “எல்லாருக்கும் கணக்கு வராது அண்ணி. கட்டாயப்படுத்தாதீங்க” என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தவளும் இதே டீச்சர்தான்.

அன்று சாயங்காலம் அவள் நேரே வீட்டுக்குப் போகாமல் கணவனின் கடைக்குப் போனாள்.

அவனுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. சுவர் முழுக்கச் சட்டங்கள் மாட்டியிருக்கும். யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே நுழைந்தால் நூறு பேர் கண் இல்லாமல் பார்ப்பது போலிருக்கும். அவன் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு ஒரு சட்டத்துக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்க டீச்சர். என்ன, முகத்துல பவர் கம்மியா இருக்கு? பிள்ளைங்க வம்பா, தலைமையாசிரியை வம்பா?”

“ரெண்டும் இல்ல. நானே பண்ணிக்கிட்ட வம்பு.”

ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மோல், கிராம், நீலம், வெள்ளை என்று அவள் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

“இரு, இரு. இந்த மோல் எனக்கு எலிப்பொறி மாதிரி. உள்ள போனா வெளிய வரத் தெரியாது. ஒத்தை வார்த்தையில சொல்லு. பட்டாணி எழுதினது சரியா, தப்பா?”

“சரி.”

“நீ போட்டது?”

“தப்பு.”

திருகாணி அவன் விரலிலிருந்து நழுவிக் கீழே எங்கோ உருண்டது. அவன் அதைத் தேடவில்லை.

“அடப்பாவமே. நாம பவரைத் தப்பா போட்டுக் குடுத்துட்டு, உன் கண்ணுதான் சரியில்லன்னு சொல்லி அனுப்பின மாதிரியில்ல இருக்கு.”

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். எழுந்து வந்து அவள் கைப்பையை வாங்கி மேசை மேல் வைத்தான். பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்துத் தேநீர் சொன்னான். தேநீர் வந்து, ஆறி, ஆடை கட்டியது.

“அக்காகிட்ட யார் சொல்றது?” என்றான் கடைசியில்.

“நான்தான் சொல்லணும்.”

“சொன்னா என்ன ஆகும் தெரியும்ல? நம்ம கல்யாணத்துல அவளுக்குக் குடுத்த புடவைக்கு நிறம் சரியில்லன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்கா. இதைக் கையில குடுத்தா ஏழு ஜென்மத்துக்கு வச்சு ஓட்டுவா.” கொஞ்சம் யோசித்தான். “ஒண்ணு பண்ணேன். கூட்டல் தப்புன்னு சொல்லிடு. ஒரு பக்கத்தைக் கூட்டாம விட்டுட்டேன்னு. கூட்டல் தப்பு யாருக்குத்தான் வராது? பொண்ணுக்கு மார்க் வந்துடும், பழைய க்ரூப் கிடைச்சிடும், உனக்கும் பள்ளிக்கூடத்துல மரியாதை போகாது. இதுல யாருக்கு நஷ்டம்?”

“பொய்யில்லையா?”

“பொய்தான். ஆனா நல்லது நடக்கிற பொய்.”

யாருக்கு நஷ்டம் என்று அவளுக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமும் இல்லை. மனசு ஒரு சாக்குக்குக் காத்திருந்தது. சாக்கு கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறையில் போய் நின்றாள். விடைத்தாள் கைப்பையில் இருந்தது. கேட்டால் காட்ட வேண்டியிருக்குமே என்று ராத்திரியெல்லாம் யோசித்து, ஒரு பக்கத்து மொத்தத்தை அடித்து வேறு எண் எழுதியிருந்தாள். அவள் உத்தியோகத்தில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை.

“கூட்டல் தப்பா?” தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “உங்களுக்கா?”

“ஒரு பக்கத்தைச் சேர்க்காம விட்டுட்டேன் மேடம். மன்னிச்சிடுங்க.”

“எத்தனை மார்க் வித்தியாசம்?”

“பத்து.”

“நல்லவேளை, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி பாத்தீங்க. சரி, அந்தப் பொண்ணோட அம்மாவை வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மாத்திடலாம்.”

டீச்சர் தாளை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

“அதெல்லாம் எதுக்கு? நீங்க போட்ட கணக்கை நான் வேற சரிபாக்கணுமா?” என்று தலைமையாசிரியை சிரித்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பு நாள் முழுக்க முதுகில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

சாயங்காலம் கணவனையும் கூட்டிக்கொண்டு அண்ணியின் தையல்கடைக்குப் போனாள். அடுத்தடுத்து இரண்டு தையல் மெஷின், வெட்டும் மேசை, சுவரோரம் தைத்து முடித்த உடைகள், காலடியில் எல்லா நிறத்திலும் வெட்டுத் துண்டுகள். அண்ணி ஒரு மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். பட்டாணி மேசையோரம் நின்று ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் “வாங்க அத்தை” என்றாள். மறுபடி ஊசியைத் துணியில் குத்தினாள். இரண்டு வாரமாக அவள் அத்தை வீட்டுப் பக்கம் வரவில்லை. முன்பெல்லாம் பள்ளி விட்டதும் அங்கேதான் விழுந்து கிடப்பாள்.

“அடேங்கப்பா, புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா வந்திருக்கீங்க. மழை வருதா பாரு வெளிய,” என்றாள் அண்ணி, மெஷினை நிறுத்தாமலே.

“நல்ல சேதி அக்கா,” என்று அவன்தான் ஆரம்பித்தான். “நம்ம பட்டாணி பாஸ். கூட்டினதுல தப்பு. பத்து மார்க் விட்டுப்போச்சாம். நாளைக்கே பழைய க்ரூப்புக்கு மாறிடலாம், நீ வந்து எழுதிக் குடுத்தா போதும்.”

மெஷின் நின்றது.

“கூட்டல்லயா?” அண்ணி இடுப்பில் கை வைத்தாள். “ஏம்மா, நான் எட்டாவது. ஒரு நாளைக்கு எத்தனை மார்புச் சுத்து, எத்தனை இடுப்புச் சுத்துக் கூட்டிக் கழிக்கறேன். ஒண்ணு தப்பாச்சுன்னா கல்யாணப் பொண்ணு மேடையில மூச்சு விட முடியாது. பெரிய படிப்பு படிச்ச உனக்குக் கூட்ட வரலியா?”

“தப்புதான் அண்ணி.”

“தப்புதான் அண்ணியாம்! இவ ரெண்டு வாரமா சரியா சாப்பிடல, தெரியுமா உனக்கு? சரி விடு, போகட்டும். பிள்ளைக்கு நல்லது நடந்தா சரி. ஏய் பட்டாணி, கேட்டியா? பாஸாம்டி! ஏன் மரம் மாதிரி நிக்கற?”

பட்டாணி பட்டனுக்கு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எந்தப் பக்கம் அத்தை விட்டுப்போச்சு?”

“மூணாவது… கடைசிப் பக்கம்.”

“அந்த மோல் கணக்குக்கு எவ்வளவு?”

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய உடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது… அது அப்படியேதான்.”

“முட்டைதானே?” பட்டாணி தலையாட்டினாள். “நான் வரல அத்தை. இங்கயே இருந்துக்கறேன்.”

“என்னடி உளர்றே?” அண்ணி எழுந்துவிட்டாள். “சாயம், சாயம்னு வீட்டுல ஒரு வாளி விடாம நாசம் பண்ணது யாரு?”

“இல்லம்மா, கேளு. அந்தப் பேப்பர்ல மத்ததெல்லாம் மனப்பாடம் பண்ணி எழுதினது. அந்த ஒரு கணக்குதான் நானா யோசிச்சுப் போட்டேன். அதுதான் சரின்னு அவ்வளவு நம்பினேன். அதுதான் தப்பு. கூட்டல் சரியாகி பாஸ் ஆனாலும், யோசிச்சா எனக்குத் தப்பாத்தானே வருது? அத்தை சொன்னது சரிதான். எனக்கு வராது.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகி, பழகிக்கொண்டவள் போலச் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

யாருக்கு நஷ்டம் என்று நேற்றுக் கடையில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் பட்டன் தைத்துக்கொண்டு நின்றது. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று டீச்சர் நினைத்திருந்தாள். அவள் எடுத்துக்கொண்டது மதிப்பெண்ணை மட்டும் இல்லை.

“பட்டாணி, ஊசியைக் கீழ வை.”

“என்ன அத்தை?”

“அந்தக் கணக்கு சரி.”

“எந்தக் கணக்கு?”

“மோல் கணக்கு. நீ போட்டது சரி. நீலப் படிகத்துக்கு இருநூத்தி நாப்பத்தொம்பது புள்ளி அஞ்சாலதான் வகுக்கணும். பத்துல ஒண்ணுதான் விடை. இரும்பும் அஞ்சு புள்ளி ஆறுதான். எல்லா ஸ்டெப்பும் சரி. நான் விடை எழுதறப்ப தண்ணியை மறந்துட்டேன். கூட்டல்ல தப்பே இல்ல. நாப்பது பேருக்குத் தப்பா மார்க் போட்டு, சரியா எழுதின ஒருத்திக்கு முட்டை போட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இன்னிக்குக் காலைல தலைமையாசிரியைகிட்டப் பொய் சொன்னேன். இப்ப உங்ககிட்டயும்.”

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துப் போனார்கள்.

அண்ணி முதலில் பார்த்தது தம்பியைத்தான்.

“இந்தக் கூட்டல் கதை உன் யோசனைதானேடா?”

“அக்கா, அது வந்து…”

“எனக்குத் தெரியும். டம்ளரை உடைச்சுட்டு, வீட்டுல இல்லாத பூனை மேல பழி போட்டவன்தானே நீ. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க உன்னை விட்டா ஆள் உண்டா?” பிறகு டீச்சரின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. “நீ இங்க, இந்த ஸ்டூல்ல உக்காந்துதான் சொன்னே. எல்லாருக்கும் வராது அண்ணின்னு. டீச்சர் சொல்றா, தெரிஞ்சுதான் சொல்வான்னு நானும் நம்பி இவளைத் திட்டினேன். வெளியாளு சொல்லியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். உன்கிட்ட எப்படிம்மா சண்டை போடறது?”

டீச்சருக்குக் கண்ணீர் வந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கணவன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான். தோளைத் தொடவில்லை, நின்றான்.

பட்டாணி கையிலிருந்த சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“எல்லா ஸ்டெப்புமா அத்தை?”

“எல்லா ஸ்டெப்பும்.”

“நீலமா இருந்தா தண்ணி இருக்குன்னு எழுதினேனே, அதுவும்?”

“அதுதான் முக்கியமானது. அதை எழுதினது நீ ஒருத்திதான்.”

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். வரவில்லை. உதடு துடித்தது.

“அப்ப அன்னிக்கு நான் கேக்க வந்தப்ப ஏன் பாக்கல? ஒரு நிமிஷம் பாத்திருந்தா போதுமே அத்தை. எல்லாரும் சிரிச்சாங்க.”

“பாத்திருக்கணும்.”

“கிளாஸ்ல சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“எல்லார் முன்னாடியும்?”

“எல்லார் முன்னாடியும்.”

கணவனும் அவளும் வீட்டுக்கு நடந்தார்கள். வீட்டு வாசலில் சாவியைத் திருப்பியபடி சொன்னான்: “தப்பு யோசனை சொன்னது நான். தலைமையாசிரியைகிட்ட நானும் வரட்டுமா?”

“நீங்க எதுக்கு? பொய் என் வாயிலிருந்துதானே வந்துச்சு.”

“துணைக்கு.”

“வாசல் வரைக்கும் வாங்க, போதும்.”

வந்தான். காலையில் கடையைத் திறக்காமல், பள்ளி வாசலில் நின்று அவள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமையாசிரியை முழுவதையும் கேட்டார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

“தண்ணியை மறந்தது தப்பு. ஆனா யாரும் பண்ணக்கூடிய தப்பு. நேத்து என் முகத்தைப் பாத்துச் சொன்னீங்களே, அது வேற. நான் தாளைக்கூடப் பாக்கல. ஏன் பாக்கல? உங்களை நம்பினதால.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் நீங்க அமைக்க வேண்டாம். பி பிரிவுக்கு வேதியியல் எடுக்கிற சார் பண்ணட்டும். உங்க விடைகளையும் இனிமே அவர் ஒருதரம் பாக்கட்டும்.”

“சரி மேடம்.”

“அந்தப் பொண்ணுக்கு எந்தத் தடையும் இல்ல. இன்னிக்கே வரட்டும்.”

டீச்சர் தன் வகுப்புக்குப் போய், வணிகவியல் வகுப்பிலிருந்து பட்டாணியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் வந்து கதவோரம் நின்றுகொண்டாள். டீச்சர் கரும்பலகையில் கேள்வியை எழுதினாள். 159.5 என்று எழுதி அடித்தாள். கீழே 249.5 என்று எழுதினாள். பிறகு திரும்பி நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள். எத்தனையோ வருஷமாக நின்று பேசிய இடம்.

“அப்ப நாங்க நாப்பது பேருமே தப்பா மிஸ்?” என்று முதல் வரிசைப் பெண் கேட்டாள்.

“தப்பு என்னோடது. நீங்க புத்தகத்தை நம்பினீங்க, புத்தகத்தைவிட என்னை நம்பினீங்க.”

“மிஸ், மார்க்கை மட்டும் திரும்பப் பிடுங்கிடாதீங்க,” என்றது கடைசி வரிசை. “வீட்டுல சொல்லி, போன்கூட வாங்கியாச்சு!”

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்திருக்கலாம். சிரித்தால் அதோடு முடிந்துவிடும் போலிருந்தது.

“மார்க்கை எடுக்க மாட்டேன். ஆனா இன்னொண்ணு சொல்லணும். இந்தப் பொண்ணு அன்னிக்கே என் மேசைக்கு வந்து கேட்டா. நான் தாளைப் பாக்கல. நாப்பது பேருக்கு வந்தது உனக்கு மட்டும் ஏன் வரலன்னு கேட்டேன். நீங்க எல்லாம் சிரிச்சீங்க. உங்களைச் சிரிக்க வச்சது நான். அவ கேட்டதுதான் சரி.” கதவுப் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சிடும்மா.”

யாரோ ஒரு பையன் கைதட்ட ஆரம்பித்து, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டான். பட்டாணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரிசையில் அவளுடைய பழைய இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் தோழி பையை நகர்த்தி இடம் செய்தாள். ஆனால் பட்டாணி உள்ளே வரவில்லை.

“மிஸ், கொஞ்சம் வெளிய வரீங்களா?”

தாழ்வாரத்தில் வெயில் பாதி விழுந்திருந்தது. பட்டாணி நிழலில் நின்றாள்.

“நான் பி பிரிவுக்குப் போறேன். மீசை சார் கிளாஸுக்கு.”

டீச்சர் ஒரு அடி நெருங்கினாள். “அம்மா சொன்னாங்களா?”

“இல்ல. அம்மா உங்ககிட்டயே போகச் சொன்னாங்க. அத்தைதானே, இனிமே பத்திரமா பாத்துப்பான்னு.” அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். “உங்க மேல கோவம் இல்ல. கொஞ்சம் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. உங்க கிளாஸ்ல சந்தேகம் வந்தா, கேக்கலாமா வேண்டாமான்னு முதல்ல யோசிப்பேன். உங்களுக்கும் என்னைப் பாத்தா சங்கடமா இருக்கும், எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிடுவீங்க. நான் தப்பாப் போட்டாக்கூட.”

அதை மறுக்க டீச்சர் வாயைத் திறந்தாள். நேற்றிலிருந்து அவளிடம் ஒரு பொய்யும் மிச்சமில்லை.

“ஆமா. சொல்லிடுவேன்,” என்றாள். “வா, நானே கொண்டு விடறேன்.”

பி பிரிவு தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. இருவரும் நடந்தார்கள். பட்டாணி ஒரு அடி முன்னால் நடந்தாள். மீசை சாருக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எதுதான் எட்டாது? ஆனாலும் அவர் ஒன்றும் தெரியாதவர் போல மீசையைத் தடவிக்கொண்டார்.

“என்ன டீச்சர், நல்ல பிள்ளையாப் பாத்து எனக்குத் தானம் பண்றீங்க?”

“தானம் இல்ல சார். என்னால வச்சுக்க முடியல.”

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. “உள்ள வாம்மா,” என்று மட்டும் சொன்னார். பட்டாணி போய் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்ப்பாளோ என்று டீச்சர் ஒரு கணம் நின்றாள். அவள் பக்கத்துப் பெண்ணிடம் எந்தப் பாடம் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சர் திரும்பி நடந்தாள். தன் வகுப்பின் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. டீச்சர் இல்லாத வகுப்பு இரையத்தானே செய்யும். நாலைந்து அடி வைத்திருப்பாள். பின்னாலிருந்து, “சார், ஒரு சந்தேகம்” என்று பட்டாணியின் குரல் கேட்டது. “ஒண்ணு என்ன, ரெண்டாக் கேளு” என்றார் மீசை சார்.

என்ன சந்தேகம் என்பது ஜன்னலுக்கு வெளியே சரியாகக் கேட்கவில்லை. நின்று கேட்கலாம்தான். டீச்சர் நிற்காமல் நடந்தாள்.